நாலாம் நம்பர் பை

முதலில் கேட்டது அந்தத் தும்மல்தான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால், கல்லூரி நூலகத்தில், புத்தக அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்தடுத்து ஏழு தும்மல். இந்தப் பக்கம் இருந்தவள் சிரித்துவிட்டாள். தும்மியவர் எட்டிப் பார்த்தார். அப்படித்தான் கல்யாணம் ஆனது.

பின்னாளில் உடம்பு வாசனையை ஆராய்ந்து பேராசிரியரான அவர் அதை வேறு மாதிரி சொல்வார்.

"எங்களைச் சேர்த்து வெச்சது உடம்பு வாசனை. மூக்குக்குப் பிடிச்சாத்தான் ஆயுசுக்கும் நிலைக்கும். மத்ததெல்லாம் மேல்பூச்சு!"

மேடைக்கு மேடை கைதட்டல். ஜலதோஷம் விடாத அந்த மூக்குக்குப் பால் தீய்ந்தால்கூடத் தெரியாது என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். வெளியே சொன்னதில்லை.

ஒருநாள் மகள், ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"டிரைவரோ டாக்டரோ, சோதனையில தேறணும்," என்றார் பேராசிரியர். "ஆறு சட்டை. மூணு ராத்திரி போட்டுத் தூங்கினது. கண்ணைக் கட்டிக்கிட்டு, மோந்து பார்த்து, அவன் சட்டை எதுன்னு சொல்லு. தப்பாச் சொன்னா இந்தப் பேச்சை விட்டுடணும். சம்மதமா?"

"சம்மதம்ப்பா." பிடிவாதத்தில் அப்பாவையே விழுங்கியவள்.

அம்மாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. முதல்முறை வீட்டுக்கு வந்தபோதே, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தவன்.

ஐந்து ஆராய்ச்சி மாணவர்களின் சட்டைகளும் டிரைவருடையதும் பெயர்ச் சீட்டோடு வந்து சேர்ந்தன. "யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் கல்லூரிக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மனைவி மாணவர்களின் ஐந்து சட்டைகளையும் துவைத்தாள். உலர்த்தினாள். கசக்கி, பழையபடி சீட்டைக் குத்தி வைத்தாள். டிரைவர் சட்டையை மட்டும் தொடவில்லை. அதன் வேர்வை நெடி கூடத்தையே தூக்கியது. இதைக்கூடவா பெண் கண்டுபிடிக்க மாட்டாள்?

சாயங்காலம் பேராசிரியரே சட்டைகளைப் பைகளில் போட்டு நம்பர் ஒட்டினார். சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்?

மறுநாள் மாணவர்கள், டிரைவர் எல்லாரும் கூடியிருக்க, மகள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பையாகக் குனிந்து நிமிர்ந்தாள்.

"நாலு," என்றாள்.

"இன்னும் ரெண்டு பை இருக்கும்மா."

"நாலுதான்ப்பா."

பேராசிரியர் சீட்டை எடுத்துப் படித்தார்.

"பாத்தீங்களா! இதுதான் இயற்கை! மாப்பிள்ளை, உங்க வேர்வை வாழ்க!"

டிரைவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எல்லாரும் போன பிறகு அம்மாவுக்கு மனசு உறுத்தியது. சமையலறையில் மகளின் காதைக் கடித்தாள்.

"உங்கப்பாகிட்ட மூச்சு விடாதே. மத்த அஞ்சையும் நான் துவைச்சு வெச்சுட்டேன்டி. அதனாலதான் நீ டக்குனு சொல்லிட்டே."

மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"துவைச்சியா? எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் எங்கே மோந்தேன்? கண்டவன் சட்டையை யாரு மோப்பா? நாலு பைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்."

"அப்புறம் எப்படிடி நாலுன்னே?"

"காலைல அப்பாதான் வந்து சொன்னார். 'நாலாம் நம்பர். நல்ல பையன், விட்டுடாதே. உங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். பாவம், அவ ஒருத்திதான் என் ஆராய்ச்சியை உண்மையா நம்புறா'ன்னார்."

அந்தச் சோதனை பேராசிரியரின் புத்தகத்தில் ஏழாம் அத்தியாயமாக வந்தது. பிழை திருத்திக் கொடுத்தவள் மனைவிதான். ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.

மகளுக்கும் டிரைவருக்கும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.