வேஷத்துக்கு அளவு

ஒத்திகைக் கூடத்துக் கண்ணாடி முன்னால் கைகளை விரித்து நிற்கிறாள் இளவரசி. இந்தக் குழுவில் வருஷா வருஷம் அந்த வேஷம் அவளுக்குத்தான் என்பதால் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. சுவரில் இந்த வருஷத்து நாடகங்களின் சுவரொட்டி, பசை காயாமல் மினுங்குகிறது. மூன்று நாடகம், கடைசியாக ஓர் இசை நாடகம். அதில் காதலிக்கிற இளவரசி ஒருத்தி, அவளைப் பெற்ற வயதான ராணி ஒருத்தி. "யாருக்கு எதுன்னு இன்னும் முடிவே பண்ணல அண்ணி," என்கிறான் கொழுந்தன். நாடகத்தை இயக்குகிறவன் அவன்தான். அந்த அண்ணியில் இன்று சர்க்கரை கொஞ்சம் தூக்கல். கண் மட்டும் ஜன்னலைவிட்டு நகரவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண் மூலை நாற்காலியில் காலாட்டிக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடுகிறாள். எந்தப் பாட்டு? நாடகத்துக் காதல் பாட்டா? இளவரசி காதைத் தீட்டிக்கொண்டதும் பாட்டு நின்றுபோகிறது. அளவெடுக்க வந்த தையல்காரிக்கு வாய் நிறையக் குண்டூசி; பதில் சொல்லாமல் தப்பிக்க அதைவிட வசதி கிடையாது. எப்போதும் இடுப்பில் தொடங்குகிறவள், இன்று தோளில் தொடங்குகிறாள். குளிர்ந்த டேப் கையோடு இறங்குகிறது, பிறகு கழுத்திலிருந்து பாதம்வரை தொங்குகிறது. இடுப்புக்கு வரட்டும் என்று இளவரசி வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து நிற்கிறாள். டேப் சுருண்டு பைக்குள் போகிறது. "இடுப்பு எடுக்கலையே?" தையல்காரி ஊசிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுக்கிறாள். "அது வேணாம்க்கா. இது தொளதொளன்னுதான் தைக்கணும்." மூலையில் காலாட்டம் நிற்கிறது. கொழுந்தன் இன்னும் ஜன்னலையே பார்க்கிறான். எக்கிய வயிற்றை விடாமல் நிற்கிறாள் இளவரசி.