பிக்கெட் கேட்ட கேள்விகள்

“உங்க ஆலைக்கு மீனெல்லாம் மிசிசிப்பி ஆத்துலேருந்துதான் வருதா?” என்று கேட்டது ரேடியோ.

சபைக் கூடத்தில் ஒரே சிரிப்பு.

“கேக்குறான் பாரு கேள்வி. டெல்டாவுல நேத்துப் பொறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், அது குளத்து மீனுன்னு. இந்த ஆளு எங்க அண்ணியோட புத்தகத்தைத் திறந்தே பார்க்கல” என்றாள் லூவெனியா.

லூவெனியாவும் திறந்து பார்த்ததில்லை. அவளுக்குக் கொடுத்த புத்தகம் சமையலறை ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆராதனை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மேசை மேல் பொரித்த கோழியும் சோள ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன. நடுவில் பாஸ்டரின் ரேடியோ. அதில் ராண்டல் பிக்கெட். தென்மாநில எழுத்தாளர்களைப் பொது வானொலியில் இருபது வருஷமாகப் பேட்டி காண்கிறவர். இன்றைக்கு ஒலிபரப்பாவது ஓரெதாவின் பேட்டி.

ஓரெதா இந்தச் சபையைச் சேர்ந்தவள். மீன் ஆலையில் கெளுத்தி கீறுகிறவள். அந்த ஆலைப் பெண்களைப் பற்றியே கதைகள் எழுதிப் புத்தகமும் வந்துவிட்டது. லூவெனியா அவள் புருஷனின் தங்கை.

“ஆத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லைங்க. எல்லாம் குளத்துல வளர்க்கிற மீனு” என்றது ரேடியோவில் ஓரெதாவின் குரல்.

“அப்படிப் போடுங்க அண்ணி.”

ஓரெதா சிரிக்கவில்லை. மடியில் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பதில் அவளுடையதுதான். அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவே இல்லை.

அன்று நிலையத்தில் பிக்கெட் கேட்டது வேறு. “உங்க புத்தகத்தை ரெண்டு தரம் படிச்சேன். யாருக்கு மனசு உடைஞ்சாலும் ஆத்தங்கரைக்குப் போயிடறாங்க. அந்த ஆறு உங்களுக்கு என்னங்க?” என்று கேட்டிருந்தார். மைக்கைப் பார்த்ததும் ஓரெதாவுக்கு வாய் உலர்ந்துவிட்டது. ஆறு என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. மீனைப் பற்றி உளறினாள். அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் அதே கதிதான்.

கிளம்பும்போது ஒலிப்பதிவு செய்த பெண், “நீங்க போயிட்டு வாங்க. அவர் தன் குரலை மறுபடி பதிவு பண்ணணுமாம்” என்றாள். தன்னை மட்டும் மெருகேற்றிக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தாள் ஓரெதா. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரே கேட்குமே, இருக்கிற கொஞ்சம் மரியாதையும் போய்விடுமே என்ற கவலை.

ரேடியோ மறுபடி கேட்டது: “மீன் கீறுற வேலை பார்க்கிறீங்க. உங்களை மாதிரி ஒருத்தங்க கதை எழுதலாம்னு யார் சொன்னாங்க?”

பாஸ்டர் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியாதுங்க. நான் யார்கிட்டயும் கேக்கல” என்றது ஓரெதாவின் குரல்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பின்வரிசையில் யாரோ ‘ஆமென்’ கூடச் சொன்னார்கள்.

அது எந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் என்று ஓரெதாவுக்கு மட்டும்தான் தெரியும். “கடைசிக் கதையில அந்த அம்மா, ஜெயில்லேருந்து வந்த மகனை வாசல்லயே நிக்க வெச்சுக் கதவைச் சாத்திடறாங்களே, ஏன்?” என்று மெதுவாகக் கேட்டிருந்தார் பிக்கெட். அவளே எழுதிய கதை. பயத்தில் அந்த அம்மாவின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

அவள் உளறியதற்கெல்லாம் பொருந்துகிற மாதிரி புதுசாகக் கேள்விகள் பேசி வைத்திருக்கிறார் மனிதர். இப்போது அவள் கெட்டிக்காரி. மட்டி அவர்தான்.

நிகழ்ச்சி முடிந்தது. ஓரெதா எழுந்து பரிமாறப் போனாள். லூவெனியா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நான் எடுத்துட்டு வரேன், உட்காருங்க அண்ணி. எங்க வீட்டுல வாயே திறக்க மாட்டீங்க, இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க இதை?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து லூவெனியா அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை.

பாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

“உங்களை மாதிரி ஒருத்தங்கன்னா என்ன அர்த்தம், சிஸ்டர்? நாளைக்குக் காலையில நிலையத்து டைரக்டருக்குப் போன் பண்றேன். சுத்துவட்டாரத்துல இருக்கிற அத்தனை சபையையும் பண்ணச் சொல்றேன். இந்த ஆளு இனிமே மைக் முன்னால உட்காரக் கூடாது.”

“வேண்டாம் பாஸ்டர். அவர் வயசானவர். வேலை போயிடும்.”

“போகட்டுமே. ஆனா நான் அநியாயம் பண்ண மாட்டேன். இந்த ரேடியோக்காரங்க வெட்டி ஒட்டுறாங்கன்னு சொல்றாங்க. அதான் உங்களைக் கேக்குறேன். நேர்ல கேட்டதும் ரேடியோவுல வந்ததும் ஒண்ணுதானா, இல்ல ஏதாவது மாத்தியிருக்காங்களா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா இத்தோட விட்டுடறேன்.”

கூடமே அவளைப் பார்த்தது. கையில் தட்டோடு வந்த லூவெனியாவும் அப்படியே நின்றுவிட்டாள். தட்டு நிறையக் கோழி.

ஓரெதா கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள்.

“மாத்தித்தான் இருக்காங்க பாஸ்டர்” என்றாள், தட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டே. “நேர்ல இதைவிட மோசமா கேட்டார்.”