ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

"டிரைவர் ஓட்டினா பூனைக்குட்டி மாதிரி போகுது. நான் உட்கார்ந்தா மட்டும் இந்தக் காருக்கு என்னதான் வருது?"

காரின் சொந்தக்காரரான பெரியவரின் மகள், வீட்டு வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். மெக்கானிக் பானெட்டைத் திறந்தார்.

கார் அவளைவிட இரண்டு வயது மூத்தது. திங்கள் முதல் சனி வரை டிரைவர் கையில் ஒரு முனகல் கிடையாது. ஞாயிறு அவருக்கு விடுமுறை. லைசென்ஸ் வாங்கிய கையோடு, அன்றைக்கு அப்பாவைத் தானே அழைத்துப் போவதாக மகள் அறிவித்திருந்தாள். நான்கு ஞாயிறும் கார் தெருமுனை வரை திக்கித் திணறிப் போய், சைலன்ஸரில் 'டமார்' என்று வெடித்து, தெருவையே வாசலுக்கு வரவழைத்துவிட்டு நின்றது. ஒரே ஒரு ஞாயிறு ஒழுங்காக ஓட்டிவிட்டால் டிரைவரை நிறுத்திவிடலாம் என்பது அவள் திட்டம்.

"வேலை போயிடும்னு பயந்து அவர்தான் ஏதோ பண்றார். ஆதாரம் மட்டும் கொடுங்க, நாளைக்கே அனுப்பிடறேன்" என்றாள்.

விசாரணைக்காக டிரைவரையும் விடுமுறையில் வரவழைத்திருந்தாள். பெரியவர் பின் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து, இவன் பிரேக் போட்டால் தன் பல்செட் முன் சீட்டுக்குப் போய்விடுகிறது என்று டிரைவரை வாரிக்கொண்டிருந்தார். டிரைவரும் லேசுப்பட்டவரில்லை. ஐயா பேச்சை நிறுத்தினால்தானே வண்டிச் சத்தம் தன் காதில் விழும் என்றார். முப்பது வருடமாக இருவருக்கும் இதே பிழைப்பு.

மெக்கானிக் பாயிண்ட் இடைவெளியைப் பார்த்தார். சரியாக இருந்தது. பிளக் ஒயர்களிலும் குறையில்லை. தீப்பொறி வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். விட்டுவிட்டு அடித்த வெளிச்சத்தில், புல்லியில் இருந்த கோடு நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. தீப்பொறி தாமதமாக வருகிறது; திக்கலும் வெடிச்சத்தமும் அதனால்தான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டதும் அது கையோடு திரும்பியது. அதைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட் தளர்ந்திருந்தது. போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட புதுத் தழும்புகள். தானாகத் தளர்ந்தால் அப்படித் தழும்பு விழாது.

டிரைவரை ஓரக்கண்ணால் பார்த்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். இந்த வயதில் இவரை யார் வேலைக்கு வைப்பார்கள்? மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

"பழைய வண்டி மேடம். அதிர்ந்து அதிர்ந்து போல்ட் தானா தளர்ந்திருக்கு. யாரும் கை வைக்கல."

மகள் அரை மனதோடு வீட்டுக்குள் போனாள். மெக்கானிக் டைமிங்கைச் சரிசெய்து போல்ட்டை முறுக்கினார். பிறகு டிரைவரை ஓரங்கட்டி, பெரிய மனிதர் செய்கிற வேலையா இது, அடுத்த தடவை தன்னால் காப்பாற்ற முடியாது என்று கடிந்துகொண்டார்.

டிரைவர் திருதிருவென்று விழித்தார்.

"நானா? எனக்கு ஓட்டத்தான் தெரியும் தம்பி, ரிப்பேர் தெரியாது. மக வீட்டோட போய் இருக்கணும், என்னை விட்டுடுங்கன்னு ரெண்டு வருஷமா ஐயாகிட்ட கெஞ்சிட்டிருக்கேன். பாப்பா நல்லா ஓட்டிட்டா எனக்கு விடுதலை. அதுக்கு நான் வேண்டாத தெய்வமில்ல."

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் பின் சீட்டிலிருந்து பெரியவர் விரலை ஆட்டிக் கூப்பிட்டார். பக்கத்தில் போனதும் கண்ணாடியை இறக்கி, குரலைத் தாழ்த்தினார்.

"நல்லவேளை, காப்பாத்திட்டே தம்பி. ஆனா போல்ட்டை ரொம்ப முறுக்கிடாதே. சனிக்கிழமை சாயந்தரம் தளர்த்தி, திங்கக்கிழமை காலைல திரும்ப டைட் பண்றதுக்குள்ள என் கை விட்டுப்போகுது. என்ன பண்றது, அவன் போயிட்டா நான் யார்கூடப்பா சண்டை போடுவேன்?"