முப்பத்து மூன்றாம் குழாய்

லேப் உதவியாளரின் கையிலிருந்து கண்ணாடிக் குழாய் நழுவிச் சில்லுச் சில்லாக உடைந்தது. பதினெட்டு வருட சர்வீஸில் அவர் கை தவறியது இதுதான் முதல் தடவை.

குனிந்து பொறுக்கியவரின் விரல்கள் நடுங்குவதை, தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து விஞ்ஞானி பார்த்தாள். ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். இந்த நோய் விரலில்தான் ஆரம்பிக்கும்.

அவள் மேசையில் அந்தத் தாள் இருந்தது. நரம்பு நோயாளிகள் நாற்பது பேர், நோயில்லாதவர்கள் நாற்பது பேர், எல்லோர் ரத்தத்திலும் ஒரே ஒரு புரதத்தின் அளவு. ஒரு மரபணு உண்டாக்கும் அந்தப் புரதத்துக்கு லேபில் 'வாலு' என்று செல்லப் பெயர். நரம்புக்குள் அடங்கி ஒடுங்கி இருக்க வேண்டியது, நரம்பு பழுதாகத் தொடங்கினால் ரத்தத்துக்குள் ஓடி வந்துவிடும். நடுக்கம் வருவதற்கு ஓரிரு வருடம் முன்பே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாலுவை அடக்க அவளிடம் மருந்தும் இருந்தது. எலிகளுக்கு மட்டும்.

நோயில்லாதவர்கள் வரிசையில், முப்பத்து மூன்றாம் குழாயில் வாலு ஏழு மடங்கு இருந்தது. முறைப்படி அனுமதி வாங்கி, அந்த எண் யாருடையது என்று பார்த்தாள். உதவியாளரின் பெயர் இருந்தது.

போன வருடம் ரத்தம் எடுத்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நோயில்லாதவர்களில் ஒருவர் வராமல் ஒரு ஆள் குறைந்தது. ஆராய்ச்சி செய்பவரோ அவர் வீட்டாரோ ரத்தம் கொடுக்கக் கூடாதென்பது விதி, இல்லாவிட்டால் அவளே கையை நீட்டியிருப்பாள். அதனால் இவர் பெயரை எழுதி உட்காரவைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது மனிதர் வெளுத்துப்போய் நாற்காலியில் சரிந்துகிடந்தார். அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த கணவர், ஒரு பக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஃபைலால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். ஊரார் ரத்தத்தை வாளி வாளியாகக் கையாளுகிறவருக்குச் சொந்த ரத்தம் என்றால் பயமா என்று ஒரு வாரம் லேபே சிரித்தது.

இப்போது அவரைக் கூப்பிட்டாள். பதினொரு வருடமாக எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு மரத்துப் போயிருந்தது. பாவமாக இருந்ததா என்றால், இருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

"உட்காருங்கண்ணா."

உட்கார்ந்தார். கைகளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"அந்த முப்பத்து மூணு..."

"காலைலயே பிரிண்டர்ல பாத்துட்டேன் மேடம். மெஷின் தப்பாக் காட்டியிருக்குமோ?"

"மூணு தடவை ஓட்டிப் பாத்தாச்சு."

"மருந்துதான் இருக்கே மேடம். எலியெல்லாம் என்னமா ஓடுது! நான்தானே தீனி போடறேன்."

"மனுஷனுக்கு வர்றதுக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் ஆகும்ணா."

"அதுவரைக்கும்?"

"முதல்ல விரல். அப்புறம் நடை. அப்புறம் பேச்சு." பஸ் நிற்கும் இடங்களைச் சொல்வதுபோல் சொன்னாள். அவள் காதுக்கே அது கேட்டது, ஆனால் வெட்கமாகக்கூட இல்லை.

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். அழுகிற எல்லோருக்கும் அதே பெட்டிதான்.

"இதைக் கட்டிக்கிட்டவங்ககிட்ட எப்படி மேடம் சொல்றது?"

"நேரா சொல்லிடணும்ணா. சுத்தி வளைச்சா கேக்கறவங்களுக்குத்தான் நரகம்."

"தாங்குவாங்களா?"

"தாங்கித்தானே ஆகணும்? வேற வழி?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு டிஷ்யூ பெட்டியை மெதுவாக அவள் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"அப்ப நேராவே சொல்லிடறேன் மேடம். அன்னைக்கு ஊசியைப் பாத்ததுமே நான் மயங்கிட்டேன். என் பேர்ல கையை நீட்டினது உங்க வீட்டுக்காரர்."