வடிமடையில் ஒரு டம்ளர்

நட்ட வயலில் மழைநீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. இன்றைக்குள் வடியாவிட்டால் பயிர் அழுகிவிடும். வடியும் நீர் ஊரின் குடிநீர் ஏரிக்குப் போவதால், வயல் தண்ணீரை ஒரு டம்ளர் முகந்து, நிலத்துக்குரியவர் கேமரா முன் குடித்துக் காட்டினால்தான் வடிமடை திறக்கும். பட்டா இளவரசி பெயரில் இருந்தது. ஆறு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் குனிந்து முகந்தாள்.

கணவன் கோவேந்தன் வரப்பில் நின்றான். மழைக்கு முன் வீசினால் நன்றாகக் கரையும் என்று நேற்று அவளுக்குத் தெரியாமல் யூரியா போட்டிருந்தான்.

டம்ளர் உதட்டருகே போனதும் பாய்ந்து தட்டிவிட்டான்.

"குடிக்காத! யூரியா போட்டுருக்கேன்."

மடை திறக்கவில்லை. மேல்வயல் நீரும் வந்து சேர, நாற்றின் நுனிகள் மூழ்கத் தொடங்கின. இளவரசி அவற்றைப் பார்க்கவில்லை.

"போன போகத்துல குடிச்சேனே, அப்பவும் போட்டிருந்தீங்களா?"

கோவேந்தன் டம்ளரைத் தேடுவதுபோல் தண்ணீருக்குள் குனிந்தான்.