முதல் வாய்

சூப்பில் கரண்டியை விட்டதும் மாமியார், மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "முதல்ல நீ ஒரு வாய் குடிம்மா. அப்புறம் எனக்குக் குடு."

"இடுப்பெலும்பு உடைஞ்சு கெடக்கறப்பவும் மருமக பசியைப் பாக்கறாங்களே! எனக்கும் வாய்ச்சுதே ஒண்ணு" என்றாள் நர்ஸ். மருமகள் ஒரு வாய் குடித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அவள் சாப்பிடாமல் மாமியார் தட்டைத் தொட்டதில்லை. பெற்ற தாய்கூட அவளை இப்படித் தாங்கியதில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டோடு வந்தார். பின்னாலேயே நாத்தனார்.

"எலும்பு எவ்வளவு வேகமாக் கரையுதுன்னு ரத்தத்துல பாத்தோம். விழுந்த உடனே எடுத்த ரத்தம். எலும்பு பலத்துக்கு வாரா வாரம் மாத்திரை போடறவங்களுக்கு இந்த அளவு இப்படி ஏறியிருக்காது" என்றவர், மருமகள் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லுங்க. மாத்திரை குடுத்தீங்களா?"

"ஒரு வாரம்கூட விடல சார். ஞாயித்துக்கிழமை எழுந்ததும் வெறும் வயித்துல நான்தான்..."

"அப்ப ரத்தமா பொய் சொல்லுது?" நாத்தனார் பாய்ந்தாள். "எங்கம்மா எப்படா படுக்கையில விழுவாங்கன்னு காத்துட்டிருந்தியாடி? என் தம்பி வரட்டும். இனிமே உனக்கு அந்த வீட்ல என்ன வேலை?"

தம்பி, அக்கா பேச்சைத் தட்டியதே இல்லை. மருமகள் மாமியாரைப் பார்த்தாள்.

மாத்திரை போட்டபின் அரைமணி நேரம் படுக்கக் கூடாது என்பதால், வாராவாரம் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் அப்போதுதான் சொல்லியிருக்கிறாள். மாமியாரின் ஒரு வார்த்தை போதும், எல்லாம் அடங்கிவிடும்.

"அத்தை, நீங்களே சொல்லுங்க."

மாமியார் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் போய்விட்டார். நாத்தனார் தம்பிக்குப் போன் பேச வெளியே போனாள். அதன் பிறகுதான் மாமியார் வாய் திறந்தாள்.

"நீ குடுத்தே. நான்தான் ஒவ்வொரு வாரமும் வாய் தொடைக்கற துண்டுல துப்பிட்டேன்."

"ஏன் அத்தை? வயித்தைப் புரட்டுச்சா? சொல்லியிருந்தா வேற மாத்திரை கேட்டு வாங்கியிருப்பேனே!"

மாமியார் அவள் கன்னத்தைத் தடவினாள். குரலில் துளிக் கோபமில்லை.

"தப்பா நெனைக்காதம்மா. உன் கையால குடுக்கறதை, நீ முதல் வாய் சாப்பிடாம, எப்படி நம்பி முழுங்கறது?"