முதலிடத்து மருந்து

ஒரு நோயைப் பற்றிய எந்த ஆய்வுக் கட்டுரையை அதிகம் பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்களோ, அதில் சொன்ன மருந்தைத்தான் ஆஸ்பத்திரி இயந்திரம் எழுதும். டாக்டர்கள் வாய் திறக்க முடியாது; நோயாளியே வேண்டாமென்றால்தான் அடுத்த இடத்து மருந்து. செண்பகவல்லிக்கு அது எழுதியது, மூலக்கூறு உயிரியல் பேராசிரியரான அவள் கணவர் நாச்சியப்பன் கண்டுபிடித்த மருந்து.

பெண்டாட்டி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாளே என்ற நினைப்பே இல்லாமல் மனுஷர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "பார்த்தியா, உலகத்துலயே என் கட்டுரைதான் முதல்ல!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆய்வில் அவளும் கூட இருந்தவள்தான். "இந்த மருந்தால செத்துப்போன எலிங்களைக் கணக்குல விட்டுட்டுத்தானே எழுதுனீங்க?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஊசியோடு வந்த நர்ஸிடம், "கட்டுரையை நான் வாபஸ் வாங்கிட்டா எந்த மருந்து வரும்?" என்று கேட்டார்.

"அடுத்ததா சற்குணம் சாரோடதுதான் வரும் சார்."

வாழ்நாள் போட்டிக்காரனின் பெயர். நாச்சியப்பன் வேப்பங்காயைக் கடித்தவர் போலானார். "அவனோடதா? வேண்டாம்மா. என்னோடதையே போடுங்க."

செண்பகவல்லி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு சற்குணம் சார் மருந்தையே குடுங்க சிஸ்டர். அவர் செத்த எலியையும் கணக்குல சேர்க்கிற ஆளு."